முப்பத்தெட்டு அங்குல இடுப்பு

பணிமனையில் அவளைப் 'பிரேக்கம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் வண்டியை நிறுத்தினால், நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது. அப்படிப்பட்டவள் ஒரு கால்சட்டைக்கு எலாஸ்டிக் வைக்கப் போய் முழி பிதுங்கினாள்.

எல்லாம் வீட்டுக்காரரால் வந்தது. அவர் கணக்கு வாத்தியார். ஒட்டடை அடிக்க நாற்காலி மேல் ஏறியவர், நாற்காலியோடு இறங்கினார். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. இருந்த கால்சட்டை ஒன்றும் அதற்கு மேல் ஏறவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டதால், சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கே வந்து சந்தேகம் கேட்பதாக ஏற்பாடு.

"வேட்டி என் இடுப்புல நிக்காது. போர்வையைச் சுத்திக்கிட்டுப் பாடம் எடுக்கவும் என்னால முடியாது," என்று வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நான் தெச்சுத் தரேங்க," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தனக்குத் தைக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

நாத்தனாரிடம் மெஷினை இரவல் வாங்கி வந்தாள். கரண்டில் ஓடுவது, கீழே ஒரு பெடல். பெடலைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. வண்டியை மேட்டில் ஏற்றுவதுபோல ஒரே மிதி. மெஷின் கடகடவென்று பாய்ந்து, பழைய படுக்கை விரிப்போடு அவள் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்தது.

"இடது கால் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. கிளட்சைத் தேடுது."

இரண்டு நாளில் ஒரு கால் குழாய் மாதிரியும், மாவுக்கட்டுக்கான கால் சாக்கு மாதிரியும் உருவாயின. அடுத்தது எலாஸ்டிக்.

"இடுப்பு முப்பத்தெட்டு. எலாஸ்டிக்கும் முப்பத்தெட்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கட்டிலில் கிடந்தவர். கணக்கு வாத்தியார் சொல்லும்போது யார் மறுப்பது?

எலாஸ்டிக்கின் நுனியில் ஊக்கு குத்தி, இடுப்பு மடிப்புக்குள் தள்ளினாள். பாதி வழியில் ஊக்கு உள்ளேயே திறந்துகொண்டு விரலைக் குத்தியது. மறுபடி தள்ளினாள். ஊக்கு ஜோராக வெளியே வந்தது. பின்னால் விட்ட வால் உள்ளே போய்விட்டது. மூன்றாம் முறை வாலைத் துணியோடு சேர்த்துக் குத்திவைத்து, ஒருவழியாக முடித்தாள்.

வாத்தியார் அதை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலில் எழுந்து நின்றார். கால்சட்டை சொல்லாமல் கொள்ளாமல் தரைக்கு இறங்கியது.

"கணக்கு சரிதான்," என்றார் அவர், கீழே பார்த்து. "துணிதான் ஏதோ தப்பு பண்ணுது."

"உங்க கணக்கை நீங்களே வச்சுக்கங்க," என்று பிரித்துப் போட்டு, கோபத்தில் பன்னிரண்டு அங்குலத்தைக் கத்தரித்தாள். இந்த முறை கால்சட்டை அசையவில்லை. "நல்லா நிக்குது," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் சன்னமாக வந்தது.

சனிக்கிழமை ஆறு பிள்ளைகள் வந்தார்கள். மூச்சு விடாமல் பாடம் நடத்துகிற மனிதர், அன்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், கால் வலிக்குதா?" என்றாள் ஒரு பெண்.

"கால் வலிக்கலை," என்றார். அதில் பொய் இல்லை.

பிள்ளைகள் போனதும் அவள் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், சேற்றில் சக்கரம் போன மாதிரி.

"ஏன் சொல்லலை?"

"நாலு நாள் விரலைக் குத்திக்கிட்டுத் தெச்சிருக்க. எந்த வாயால சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. புது எலாஸ்டிக் ஒன்றை எடுத்து, அவர் இடுப்பிலேயே சுற்றி, லேசாக இழுத்துப் பிடித்தாள்.

"மூச்சை இழுங்க. விடுங்க. இப்ப சிரிங்க."

சிரித்தபோதும் இறுக்காமல், நழுவாமல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். அளந்து பார்த்தால் முப்பத்து மூன்று. அந்த ஐந்து அங்குலம் எங்கே போனது என்று வாத்தியார் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் கால்சட்டை தயாராகிவிட்டது.

ஆறாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். சாக்குக் காலைச் சின்னதாக்கித் தரட்டுமா என்று கேட்டாள். "வேணாம், காத்து நல்லா வருது," என்று அப்படியே போட்டுக்கொண்டு வாசலில் நடை பழகினார். மெஷினைத் திரும்ப வாங்க வந்த நாத்தனாரை அவள் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். குடித்து முடித்ததும் அளவு டேப்பை எடுத்தாள்.

"மெஷின் இன்னும் ரெண்டு வாரம் இங்கயே இருக்கட்டும் அண்ணி. எழுந்திரிங்க, உங்க இடுப்பைக் காட்டுங்க."