நான் குறுக்கே ஓடிய தக்காளித் தோட்டம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதம். அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு விதை நிறுவனத்தின் சோதனை வயலில் வேலை பார்த்தேன். புதிய வீரிய ஒட்டுத் தக்காளி ரகங்களில் எது பாக்டீரியா இலைப்புள்ளி நோயைத் தாங்குகிறது என்று கண்டறிவதுதான் வேலை. நோய் பரவட்டும் என்று, அது எளிதில் பற்றும் ரகத்தை வேண்டுமென்றே இடையிடையே நட்டிருப்போம். செடி செடியாக இலையைப் புரட்டிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இலை ஈரமாக இருந்தால் உள்ளே இறங்கக் கூடாது. கையிலும் உடையிலும் நோய் ஒட்டிக்கொண்டு வரும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

அன்று என் பதினோரு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். சீக்கிரம் திரும்பும் அவசரத்தில், இரவு மழையின் ஈரம் காயுமுன்பே இறங்கிவிட்டேன். முடித்ததும் கையைக்கூடக் கழுவாமல், பஸ்ஸைப் பிடிக்கப் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்குள் குறுக்கே ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தத் தோட்டத்து அக்கா ஓர் இலையைக் கொண்டுவந்து நீட்டினார். கரும்புள்ளிகள்.

"மழை விடாமப் பேயுதுங்க அம்மணி, அதுலதான் வந்துபோட்டது போல. மருந்து ஏதாச்சும் சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். நான் ஓடிய இரண்டு வரிசைகளில் மட்டும் புள்ளி, மற்றதெல்லாம் பச்சை. மழை என்று அவரே சொல்லிவிட்டார், தலையாட்டினால் போதும். ஒருவேளை உண்மையிலேயே மழைதானோ? வரப்பில் நின்று அதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆனால் நான் பேசாமல் இருந்தால், அவர் அந்த வரிசைகளுக்குள் புழங்கிய கையோடு மற்ற செடிகளையும் தொடுவார். மொத்தமும் போய்விடும்.

சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, நோயைப் பாக்க வந்தீங்களா, நட்டுப்போட்டுப் போக வந்தீங்களா?" என்றார் அவர் கணவர். அக்கா அவரைத் தடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. செடிகளைப் பார்த்தபடியே, "எதுல போனீங்க? நடந்து காட்டுங்க" என்றார்.

காட்டினேன். வெயில் ஏறி இலை காய்ந்ததும், காய் பிடித்திருந்த அந்தச் செடிகளையும் இருபுறமும் ஒட்டியிருந்த வரிசைகளையும் மூவருமாகப் பிடுங்கிச் சாக்கில் கட்டினோம். மீதித் தோட்டம் தப்பியது.

அக்கா என்னை மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை. பஸ்ஸில் உறைத்த அன்றே இறங்கித் திரும்பி வந்து சொல்லியிருந்தால் எத்தனை செடிகள் மிஞ்சியிருக்கும் என்ற கணக்கு மட்டும், எதையாவது மறைக்கத் தோன்றும்போதெல்லாம் என் முன்னால் வந்து நிற்கிறது.