இரண்டு ரயிலுக்கு நடுவில் ஒரு படம்

பிள்ளைகளை அணுவைப் பார்க்கப் பழக்குகிறது என் தொழில். உண்மையில் நான் பழக்கினது மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கத்தான். எங்கட நுண்காட்டியில் கண்ணை வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஓர் ஊசி, பொருளில் முட்டியும் முட்டாமலும் வரி வரியாகப் போய்வரும். அணுக்களின் மேடுபள்ளம் கொம்பியூட்டரில் படமாக விழும். பக்கத்தில் ஆரும் தும்மினால் படம் போச்சு.

அப்படிப்பட்ட மெஷினைக் கொண்டுவந்து வைத்தது எங்கே? கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு மாடிவீட்டில். யுத்தகாலத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை. மெஷினும் இரவல். மூன்று மாதத்துக்குள் மாணவர் கையால் ஓர் அணுப்படம் எடுத்துக் காட்டாவிட்டால் திருப்பி எடுப்போம் என்று தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இரவல் சாமானை வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினவர்களுக்கு என் தவிப்பு விளங்கும். எனக்கு இருந்தது இரண்டே மாணவர்: யாழ்ப்பாணத்துக் குகன், கொட்டாஞ்சேனை ஜெசிந்தா. என்ன வந்தாலும் மெஷினை விடுகிறதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பையில் என்ன?

ஊசியை நாங்களே செய்யவேண்டும். மெல்லிய கம்பி, அதை அரித்துக் கூராக்கக் கோஸ்டிக் சோடா, ஒரு பற்றரி. தன் அறையில் செய்து பழகுவோம் என்று குகன் மூன்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைத் திறந்து இது என்னத்துக்கு என்று கேட்டிருக்கிறான். படிப்புச் சாமான் என்றால் முடிந்திருக்கும். இவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அணு ஆராய்ச்சிக்கு என்று விளக்கம் குடுத்திருக்கிறான்!

அவனைப் பிடித்துப் பொலிசில் குடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அந்த நாளில் உள்ளே போன தமிழ்ப் பெடியன் எப்ப வெளியே வருவான் என்று ஒருவராலும் சொல்லேலாது. கடிதம், அடையாள அட்டை, பாடப்புத்தகம் எல்லாம் காட்டி, பின்னேரம் வரைக்கும் கதைத்து அவனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட, இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், அணு பார்க்கப் பழக்க முன்னம் இவனுக்கு ஒரு சின்னப் பொய் சொல்லப் பழக்குங்க."

மெஷினுக்கு ஒரு படுக்கை

ரயில் போகும்போதெல்லாம் படத்தில் அலை அடித்தது. ஒருகொடவத்தையில் பழைய லொறி டியூப் வாங்கி, அரைவாசி காற்றடித்து, அதற்கு மேல் பாரமான கல் ஒன்றை வைத்து, கல்லின்மேல் மெஷினை ஏற்றுவது என்று முடிவெடுத்தோம். கல்லுக்கு எங்கே போவது? கல்லறைக் கல் வெட்டுகிறவரிடம், மூலை உடைந்ததால் கழித்துவிட்ட ஒன்றை ஜெசிந்தா வாங்கி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

பார்த்தால், ஒரு மனுசனின் பெயரும் பிறந்த திகதியும் இறந்த திகதியும் அதில். இதென்ன பிள்ளை என்று நான் தயங்கினேன். அவள் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "பேர் இருக்கிற பக்கத்தைக் கீழ வைப்பம் மிஸ், அசையாமல் கிடக்க அவரைவிட ஆருக்குத் தெரியும்?"

கடைசி வெள்ளிக்கிழமை

மெஷினைத் தந்த இடத்திலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வந்து கதிரையில் இருந்தார். இன்றைக்குப் படம் இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெட்டி கட்ட ஆட்கள் வருவார்கள் என்றார். டியூபும் கல்லும் வீதியின் அதிர்வை அடக்கின, ரயிலை அடக்கவில்லை. பின்னேரம் இரண்டு ரயிலுக்கு நடுவில் பதினொரு நிமிஷம் இருந்தது. குகன் யன்னலில் நின்று, ரயில் போய்விட்டது என்று கை காட்ட, ஜெசிந்தா தொடங்கினாள். முதல் ஊசி முட்டி நசிந்தது. அவள் பதறவில்லை, புது ஊசி போட்டாள். ஏழு நிமிஷம் போய்விட்டது. என் கை துருதுருத்தது, நானே செய்துவிடலாம் போல. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படம் விழுந்தது. புள்ளி புள்ளியாக, கோலத்துக்கு வைத்த மாதிரி, அணுக்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுத்த ரயில் நேரத்துக்கு முந்தி வந்தது. கீழ்ப்பக்கம் முழுக்க அலை. ஜெர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு, கீழே இருக்கிறது என்ன என்று கேட்டார். ஜெசிந்தா ஒளிக்கவில்லை: "அது பாணந்துறை ரயில் சேர், மேல இருக்கிறது நாங்கள் எடுத்தது."

மனுசன் சிரித்துப்போட்டுக் கையெழுத்து வைத்தார், மெஷினும் எங்களோட நின்றுவிட்டது. பாவம், அது கேட்டதெல்லாம் கொஞ்ச நேரம் ஆட்டமில்லாத ஓர் இடம்தான், அந்த வருஷங்களில் கொழும்பில் அதைக் கேளாத மனுசர் ஆர், சொல்லுங்கோ.