ஜன்னல் சீட்டுச் சண்டை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையை எறிந்துவிட்டால் அந்த சீட்டு நம்முடையது. பத்து வருடமாகத் திருவண்ணாமலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். நகர்கிற வண்டியிலும் குறி தவறாது. எனக்கு ஒரே போட்டி, அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி. நாங்கள் போடுகிற சண்டையில்தான் பாதி பஸ் தூக்கம் கலையும்.

பிறகு புற்றுநோய் வந்து என் வலது மார்பை எடுத்தார்கள். கை தோளுக்கு மேல் எழவில்லை. சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றி, எட்டிய இடத்தில் கோடு போடச் சொன்னார்கள். சமையலறையில் பென்சில் கோடுகள் மெல்ல ஏறின. உப்பு ஜாடி, அரிசி டப்பா, அப்புறம் காலண்டர்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஜவுளிக்கடைக்காரி எனக்காகக் கர்ச்சீப் போட்டு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தாள். மறுநாளும் அப்படியே. மாதக்கணக்கில் அப்படியே. ஊருக்கே கேட்கப் பேசுகிறவள், என்னிடம் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல் பேசினாள். சண்டை போடக்கூட லாயக்கில்லாதவள் ஆகிவிட்டேனா? ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி தினமும் இதையே மென்றேன்.

போன திங்கட்கிழமை விரல் காலண்டர் ஆணியைத் தொட்டது. தொட்ட கையோடு கிளம்பினேன்.

வண்டி திரும்புகிறது. புழுதி, ஹாரன், கூட்டம். ஓடுகிறேன், கை போகிறது, மேலே, இன்னும் மேலே, சாப்பாட்டுப் பை பறக்கிறது, சீட்டில் விழுந்தேவிட்டது. முண்டியடித்து ஏறிப் பார்த்தால் என் பைக்கு அடியில் அவள் கர்ச்சீப். வழக்கம்போல் எனக்காகத்தான் போட்டிருக்கிறாள்.

"எட்றீ அத. இது நான் புடிச்ச சீட்டு" என்றேன்.

என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பையைத் தூக்கி என்னிடமே நீட்டிவிட்டு, ஜம்மென்று அவளே உட்கார்ந்தாள்.

"கர்ச்சீப் கீழ இருக்குது, பை மேல இருக்குது. அப்ப எது முந்தி வுழுந்துது? ஆபரேசன் பண்ணிகினா சீட்ட பட்டா போட்டு குடுத்துடுவாங்களா? நில்லுக்கா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் விடவில்லை. அவள் இடுப்புக்கு அந்த ஒரு சீட்டு போதுமா என்பதில் ஆரம்பித்தேன். கோட்டை தாண்டும்வரை ஓயவில்லை. கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்.

தோற்றுத்தான் போனேன். நின்றால் மலை உச்சி தெரியாது, அடிவாரத்துப் பாறைகள்தான் ஓடும். தலைக்கு மேல் கம்பியை வலது கையால் பிடித்திருந்தேன். தோள் சுள்ளென்று இழுத்தது. கை மாற்ற மனசு வரவில்லை.

அவள் ஒருதரம் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். என் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.