இல்லாத மருந்துக்கு பில் கிடையாது

சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அமுக்கினேன். குழி அப்படியே நின்றது. வேறு யாராவது என்றால், நின்று வேலை பார்த்த வீக்கம் என்று விட்டிருப்பார்கள். எனக்கு அது முடியாது. என் அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்திருப்பது அக்காவின் சிறுநீரகம்.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அது சொல்ல வராது.

புனேயில் நான் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. டாக்ரோலிமஸ் (பிறர் உறுப்பை நம் உடம்பு தாக்காமல் தடுக்கும் மருந்து) ரத்தத்தில் குறைந்திருந்தது. பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். என் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது.

மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்றார் டாக்டர். ஒரு வேளைகூட விடவில்லை என்று மாத்திரை அட்டையைக் காட்டினேன். அவர் எழுதிய கம்பெனி அல்ல அது. மருந்து ஒன்றுதான், ஆனால் கம்பெனி மாறினால் சிலருக்கு ரத்தத்தில் சேரும் அளவு மாறும், மாற்றினால் உடனே சோதித்து டோஸைச் சரிசெய்ய வேண்டும் என்றார். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றும் கேட்டார்.

யாரைக் கேட்பது? கீழே அவர்கள் மருந்தகத்தில் ஸ்டாக் இல்லை. "பாஹர் ஸே லே லோ", வெளியே வாங்கிக்கொள் என்றார்கள். ஆட்டோ பிடித்து கேம்ப் பகுதியில் ஒரு கடைக்குப் போய் இருந்ததை வாங்கினேன். அடுத்த முறை அங்கே இன்னொரு கம்பெனி இருந்தது. மருந்தகத்தில் இல்லை என்பதே டாக்டருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாடியில் எழுதுகிறவருக்கும் கீழே கொடுக்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட்தான். அதில் நோயாளிகள் மட்டும் போய்வந்தோம்.

தாக்குதலை அடக்க ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். முகம் ஊதியது, தூக்கம் போயிற்று. சிறுநீரகம் நிற்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"குடுக்கறப்ப என்னைய ஒரு கேள்வி விடாம கேட்டாங்கடா. வச்சிருக்கறவனை ஒருத்தனும் கேக்கலையா?"

மருந்து கிடைக்காத கதையைச் சொன்னேன்.

"எங்கிட்ட இன்னும் ஒன்னுதான் இருக்குது. அதையும் கேட்டா தர்றதுக்கில்ல, பாத்துக்க," என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே கையில் குத்திவைத்த ஊசிக்குழாயோடு மருந்தகப் பொறுப்பாளர் ஜோஷி மேடத்தின் அறைக்குப் போனேன். கத்தத்தான் போனேன், கத்தவும் செய்தேன். அவர் என் இந்தியைப் பொறுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். கடந்த மாதங்களில் எவ்வளவு விற்றதோ அதை வைத்துத்தான் ஆர்டர் போடுவார்களாம். உங்கள் மருந்து அதிகம் போவதில்லை என்றார்.

நான் புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சாமான் இருப்பைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். சட்டென்று புரிந்தது. ஸ்டாக் இல்லாவிட்டால் பில் இல்லை. பில் இல்லாவிட்டால் தேவையே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். அடுத்த ஆர்டர் இன்னும் குறையும். நாங்களும் சண்டை எதற்கென்று வாயை மூடிக்கொண்டு வெளியே போனோம். ஓபிடி (வெளிநோயாளிகள் பிரிவு) பெஞ்சில் உட்கார்ந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லி உதவினோம். அந்த உதவிதான் பற்றாக்குறையை மறைத்தது.

"இல்லாத மருந்துக்கு நான் எப்படி பில் போடுவது?" என்றார் ஜோஷி மேடம்.

"பில்லை விடுங்க. டாக்டர் எழுதினதை எண்ணுங்க. எங்க ஸ்டோர்ல ஒரு போல்ட் இல்லன்னா, கேட்டவனை வெளியே போய் வாங்கிக்கோன்னு அனுப்ப மாட்டோம்."

"போல்ட்டுக்கு எக்ஸ்பயரி கிடையாது."

நியாயமான பதில். கோபம் கொஞ்சம் இறங்கியது. வாங்கிவைத்து வீணானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நாங்கள் காய்ச்சலுக்கு வந்துபோகிறவர்கள் இல்லை, உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் இதே மாத்திரைக்கு வருவோம், எப்படி வீணாகும் என்றேன். அவர் டாக்டருக்கு போன் செய்தார். அந்த விஷயமாக அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை.

இப்போது விற்றதை வைத்து அல்ல, எழுதியதை வைத்து ஆர்டர் போகிறது. எங்களுக்கென்று ஒரு பங்கு தனியாக எடுத்துவைக்கிறார்கள். கம்பெனி மாறுவதானால் முதலில் டாக்டருக்குச் சொல்கிறார்கள். அதன் பிறகும் ஒருமுறை தீர்ந்தது. ஆனால் தீரப்போகிறது என்று முன்பே சொன்னார்கள், ரத்தம் பார்த்துத்தான் மாற்றினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இல்லை என்று சொன்னதும் கவுன்டரை விட்டு நகராதீர்கள். உங்கள் டாக்டருக்குத் தெரியும்வரை நில்லுங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

சிறுநீரகம் தப்பியது, முழுதாக அல்ல. தழும்பான பகுதி திரும்ப வேலை செய்யாது என்றார் டாக்டர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

என் மாதம் இப்போது ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. அட்டையில் பாதி தீர்ந்ததும் தொடங்குகிறது. உடம்பு தோலோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கீழ்த்தளத்து அலமாரியும் மும்பையிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வண்டியும் அதற்குள் சேர்ந்துவிட்டன. மழைக்காலத்தில் மண் சரிந்து மும்பை மலைப்பாதை அடைத்துக்கொண்டது என்று செய்தி வந்தால், ஆபீசில் மற்றவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நான் அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.