எருக்கம்பால் பட்ட கை

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கிய நிலத்தில் என் கணவர் காலில் கருவேல முள் ஏறி, முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. முகையூர் பக்கம் இதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம். எருக்கம்பால் வைத்தால் முள் தானாக வெளியே வந்துவிடும் என்பார்கள். கொல்லையில் இருந்த எருக்கை ஒடித்து நான்தான் பாலைச் சொட்டவிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வியர்வை இறங்கிய வலது கண்ணையும் அதே கையால் கசக்கினேன். கொஞ்சம் கரித்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தோம். மெழுகுவத்தியைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்தது. மாதா படம் புகைமூட்டமாக இருந்தது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரில் இருந்த என் மகளுக்கு முகமே இல்லை.

“ஏங்க, எனுக்கு ஒரு கண்ணு தெரியலைங்க.”

“வலிக்குதா?”

“வலியே இல்லைங்க.”

அவர் பயந்துவிட்டார். “வலிக்காம கண்ணு போவுமா? ஜல்தி கிளம்பு ராணி!” என்று நொண்டிக்கொண்டே என்னை பஸ் ஏற்றினார். விழுப்புரம் போய்ச் சேரும்வரை கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்தபடியே இருந்தேன்.

“எருக்கம்பால் கருவிழியை வீங்க வைக்கும்மா. வலிக்காது, அதுதான் ஆபத்து. பட்டதுமே தண்ணியில நல்லா கழுவியிருக்கணும்” என்றார் டாக்டர். என் கணவர் காலில் இருந்த முள்ளை நர்ஸ் அங்கேயே எடுத்துவிட்டார்.

சொட்டு மருந்தில் பார்வை மெல்லத் திரும்பியது. இப்போது முள் குத்தினால் நேராக ஆஸ்பத்திரிதான். எந்தச் செடியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. அழுகை வந்தால்கூடக் கண்ணருகே கையைக் கொண்டுபோவதில்லை. வழியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.