ஊசி நடுவுக்கு வரும் வரை

அத்தானின் பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடி வட்டம் ஒன்று உண்டு. அதற்குள் ஓர் ஊசி. சாவியைத் திருகினால் ஊசி இடப்பக்கம் சாயும். உதைமிதியைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது கைப்பிடியில் உள்ள சின்ன நெம்பியை இழுத்து எஞ்சினின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். மிதியை இன்னும் கொஞ்சம் இறக்கி, மறுபடி மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதும் இறங்க ஒரே மிதி. அரை மனதோடு மிதித்தால் வண்டி திருப்பி அடிக்கும். மிதி கீழிருந்து பாய்ந்து வந்து காலெலும்பை முறித்துவிடும். அந்த வகை வண்டி வைத்திருந்தவர்கள் இதை ஒரு சொலவடையாகவே வைத்திருந்தார்கள்: "பயந்தா மிதிக்காத, மிதிச்சா பயப்படாத." எழுபது தாண்டிவிட்ட எனக்கு அந்த ஊசியைப் பார்க்க இன்றும் பயம். ஏனென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் என் அக்காளின் கணவர். சிலை செதுக்குகிறவர்களின் ஊரான மயிலாடிக்குப் பக்கத்தில் வீடு. விடிந்தால் நாலு பக்கமிருந்தும் கல்லில் உளி விழும் சத்தம் கேட்கும். அதற்குள் இவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாழைத்தோட்டம் பார்க்கப் போய்விடுவார். ஏத்தன் வாழைக்குலை வியாபாரம். குலையைத் தொடாமலே எடை சொல்வார், அதையும் மிரட்டுகிற குரலில்தான் சொல்வார். அய்யாவழிக் குடும்பம். ஊர்த் தாங்கல் அவர்கள் வழிபடும் இடம். அங்கே திருநாள் வந்தால் அய்யாவின் வாகனத்தைச் சுமக்கும் முன்கம்பு அவர் தோளுக்குத்தான். தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு, பின்னால் வருகிறவர்கள் தடுமாறினாலும் தான் அசையாமல் நடப்பார். யாராவது புகழ்ந்தால், "தலப்பா கெட்டுனவன் குனியப்பிடாதுல்லா" என்பார். அவர் எதற்காவது பயந்து நான் பார்த்ததில்லை. அவர் பயந்ததாக ஊரே நம்பும்படி செய்தவன் நான்.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியன். ஒரு மழைக்காலத்தில் அத்தானின் வண்டி கிளம்ப மறுத்தது. மிதித்து மிதித்து அவர் சட்டை நனைந்துபோனது. விடுமுறைக்கு வந்திருந்த நான், "நான் பாக்கேன் அத்தான்" என்றேன். "ஏலே, நீ கரும்பலகையில ஓட்டுத வண்டி இல்ல இது" என்று சிரித்துவிட்டுப் பேருந்து ஏறப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, எஞ்சினில் சாய்த்து வைத்து மிதித்தால் பொறி மஞ்சளாக, உயிரில்லாமல் விழுந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, மின்சாரம்தான் சோர்கிறது. பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பொறியை உண்டாக்கும் இரண்டு பாயின்ட்டுகளும் குழி விழுந்து கருகியிருந்தன. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ததும் பொறி நீலமாக வெடித்தது. அதோடு நான் மூடியை மூடியிருக்க வேண்டும்.

கையில் வண்டியின் புத்தகம் இருந்தது. டைமிங் என்கிற, பொறி விழும் நேரத்தையும் அதன்படி திருத்திவிடுவோம் என்று தோன்றியது. வண்டி வேகமாக ஓடும்போது பொறி முந்தி விழ வேண்டும். மிதித்துக் கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும். ஓட ஓட அதைத் தானாக முந்த வைப்பதற்கு இரண்டு சிறிய எடைகள் உள்ளே விரிந்து கொடுக்கும். புத்தகம் சொன்ன அளவு, அந்த எடைகள் முழுதும் விரிந்திருக்கும் நிலைக்கு உரியது. அந்த ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. எடைகள் மூடிக் கிடக்கும்போதே அந்த அளவை வைத்துத் திருகை முடுக்கினேன். மாணவர்களிடம் "கேள்வியை முழுசாகப் படி" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மிதித்துப் பார்த்தேன். ஒரே மிதியில் கிளம்பியது. ஆனால் கிளம்பும் முன் என் உள்ளங்காலை ஏதோ கீழிருந்து ஒருமுறை முட்டியது. முழங்கால் வரை அதிர்ந்தது. பயந்துபோனேன். இன்னொரு முறை மிதித்துச் சோதிக்கவும் பயமாக இருந்தது. பயந்தேன் என்று சொல்ல வெட்கம். மாலையில் அத்தான் வந்ததும், "இனி ஒரு மிதி போதும் அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை நான் காப்பித் தம்ளரோடு முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் ஊசியைப் பார்த்தார், நெம்பியை இழுத்துவிட்டார், எப்போதும்போல முழு எடையும் கொடுத்து மிதித்தார். பச்சைத் தென்னமட்டை முறிவது போல ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் கிடந்தது, அவர் ஒரு பக்கம் கிடந்தார். வலது முழங்காலுக்குக் கீழே, வளையக்கூடாத இடத்தில் கால் வளைந்திருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியது நான்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவருக்கு அறுவை நடந்துகொண்டிருந்தபோது, மாற்றுத்துணி எடுத்துவர அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். வீட்டில் யாருமில்லை. வண்டியை நிமிர்த்தினேன். புத்தகத்தை விரித்து, விட்டுப்போன அந்த வரியை அப்போதுதான் வாசித்தேன். திருப்புளியை எடுத்தேன். அவசரத்தில் அது இரண்டு தடவை நழுவி மூடியில் கீறல் விழுந்தது. பொறி நேரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்து, எண்ணெய்க் கறையை என் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, துணிப்பையோடு பேருந்து ஏறினேன். தவறாக வைத்தது அறியாமை. திருப்பி வைத்ததை என்னவென்று சொல்வது?

சில நாள் கழித்து ஒரு மெக்கானிக் வந்து வண்டியைப் பார்த்தான். முதல் மிதியிலேயே அது சாதுவாகக் கிளம்பியது. "வண்டிக்கு ஒரு குத்தமும் இல்ல சாரே. மிதிச்சவருக்க காலுதான் அந்தரத்துல நின்னுருக்கும்" என்றான். அது ஊருக்குப் போதுமானதாக இருந்தது. டீக்கடையில், "என்னவே, அன்னைக்கு தலப்பா கெட்ட மறந்துட்டீரோ?" என்று கேட்டார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். எலும்பு சேர்ந்தபோது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. ஆனாலும் அடுத்த திருநாளில் பின்கம்பையாவது பிடியும் என்று அழைத்தபோது, "பயந்தவன் தோளுல அது இருக்கப்பிடாது" என்று விலகிக்கொண்டார். ஊர் சொன்னதை அவரே நம்பிவிட்டார். தன் கால் எப்போது தயங்கியது என்று யோசித்து யோசித்து, தயங்கியதாகவே நினைவும் வந்துவிட்டது அவருக்கு. வண்டியை விற்கவும் இல்லை. விற்றால், பயந்து விற்றான் என்பார்களாம். தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் அந்தத் தார்ப்பாயைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதன் கீழே மூடியில் இரண்டு கீறல்கள் இருந்தன. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்ற பயத்திலேயே என் காலம் போயிற்று. யாரும் கேட்கவில்லை.

அக்கா இப்போது இல்லை. அவள் மகள் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு இந்த ஆண்டு ஊருக்கே வந்துவிட்டாள். வந்ததும் தார்ப்பாயை உருவிப்போட்டு, வண்டியைக் கழுவி, பாட்டரி மாற்றி, எனக்கு போன் செய்தாள். "மாமா, பொறி வருது, கிளம்ப மாட்டேங்கு. டைமிங் வைக்க ஒங்களுக்குத் தெரியும்லா?" தெரியும் என்று சொல்லிக் கிளம்பினேன்.

முற்றத்தில் அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தார். நான் மூடியைத் திறந்தேன். பாயின்ட்டுகளுக்கு நடுவே சிகரெட் தாள் ஒன்றைச் செருகினேன். தாள் வழுகி வருகிற இடம்தான் பொறி விழும் இடம். இம்முறை எடைகள் மூடியிருக்கின்றனவா விரிந்திருக்கின்றனவா என்று நாலு தடவை பார்த்தேன். என் கையை நானே நம்பவில்லை. அவள் ஜீன்ஸை மடித்துவிட்டுக்கொண்டு மிதியின் மேல் கால் வைத்தாள். அதே வலது கால்.

"ஏட்டி, பயந்தா மிதிக்காத கேட்டியா. அப்பன் பயந்து மிதிச்சுதான் இப்பிடிக் கெடக்கேன்" என்றார் அத்தான்.

"ஒங்கள மாதிரி தொட நடுங்கியா நான்?" என்று அவள் சிரித்தாள்.

"எறங்கு மக்கா" என்றேன். பிறகு அத்தானைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க பயப்படல அத்தான். டைமிங்க நான் தப்பா வச்சிருந்தேன். ஒங்கள ஆஸ்பத்திரியில போட்டிருக்கும்போ வந்து மாத்தியும் வச்சேன்."

அவள் சிரிப்பு நின்றது. கைத்தடி என் தலையில் இறங்கும் என்று காத்திருந்தேன், இறங்கினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ நான் பயப்படலியா?"

"இல்ல அத்தான்."

அவர் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, உதறி, நிதானமாகத் தலையில் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு மகளை விலகச் சொன்னார். கைத்தடியை என் பக்கம் நீட்டினார்.

"நீ மிதி."

மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் மிதித்தேன். கிளம்பிவிட்டது. அவர் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை, இன்றுவரை பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வண்டியை மிதிக்க வரச் சொல்லி மகள் மூலம் சொல்லியனுப்புகிறார். போகிறேன். போகாமலிருக்க முடியாது. நாற்காலியில் தலைப்பாகையோடு அவர் இருப்பார். முற்றத்தில் வண்டி நிற்கும். சாவியைத் திருகி, மிதியில் கால் வைக்கிறேன். இந்த வாரம் அடிக்குமோ என்று கெண்டைக்கால் விறைக்கிறது. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மெல்ல அழுத்துகிறேன், ஊசி இன்னும் நடுவுக்கு வரவில்லை.