ஏரி உடைப்பில் போன ஐந்து கதவுகள்

ஏழாம் வகுப்பில் நான் செய்த ஒரே பெரிய தப்பு, தண்ணீர்க் குழாயடியில் நின்று வாயைத் திறந்தது. எங்கள் தமிழ் டீச்சர், ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருந்தார். நன்றாக எழுதியதை ஆண்டு விழாவில் படிக்க வைப்பார்களாம். அதோடு விட்டார்களா? அந்தப் பெரியவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வையும் போர்த்துவார்களாம். இதை நான் குடம் நிறைகிற வரைக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களூர் மணலிக்கு மேற்கே ஏரிக்கரையின் அடியில் ஒரே வரிசையில் இருக்கிற முப்பது வீடுகள். டேங்கர் லாரி போகிற சாலையை விட்டு இறங்கி, முள்காட்டைத் தாண்டி வரவேண்டும். ஒரு பக்கக் காற்றுக்குக் கம்பெனிப் புகை வாசனை, மறுபக்கக் காற்றுக்கு ஏரி மீன் வாசனை. இரண்டும் சேர்ந்து வந்தால் மழை நிச்சயம் என்பார் சின்ன தாத்தா. அவர் சொல்லி ஒருநாளும் மழை பெய்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் அதுவரை யார் தோளிலும் யாரும் சால்வை போட்டதில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூடக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் சால்வைக்குத் தயாராகிவிட்டார்கள். சின்ன தாத்தா, பெரியப்பா, அம்மன் கோயில் பூசாரி மாமா, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்த பெரிய மாமா, சின்ன மாமா என்கிற அண்ணன் தம்பி இருவர். எந்தக் காலத்துச் சண்டையோ, அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. சின்ன தாத்தா எனக்குக் கெண்டை சுட்டுக் கொடுத்தார். பெரியப்பா தினமும் மொபெட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பூசாரி மாமாவின் சுண்டல் எனக்கு மட்டும் இரண்டு கை வந்தது. பெரிய மாமா இலந்தைப்பழம் கொடுத்ததைப் பார்த்த சின்ன மாமா மறுநாளே கொய்யாப்பழம் கொண்டுவந்தார். நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஐந்து பேரின் வாழ்க்கையிலும் பிறந்தது, கல்யாணம் செய்தது எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். மீதியெல்லாம் ஏரி உடைந்த கதைதான். அப்பா கைக்குழந்தையாக இருந்த வருஷம் அது. விடிகிற நேரத்தில் கரை பிய்த்துக்கொண்டது. மண் மூட்டையைப் போடப் போட தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அப்போது ஒரு வீட்டுக் கதவைக் கழற்றி வந்து உடைப்புக்குக் குறுக்கே நிறுத்தி, ஆட்கள் முதுகால் முட்டுக் கொடுத்து நிற்க, அதன்மேல் மூட்டைகளை அடுக்கித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். இதுவரைக்கும் ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். யார் வீட்டுக் கதவு என்பதில்தான் சிக்கல்.

"நம்ம வூட்டு கதவுதான்," என்றார் சின்ன தாத்தா. "ஒரே ஒதை. கீலோட வந்திட்ச்சி. தோள்ல போட்டுகினு ஓடனேன் பாரு."

அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்ததே அவர் வீட்டுக் கதவில்தான். அவருடைய அப்பா காலத்துக் கதவு, திறந்தால் தெருவுக்கே கேட்கும். அப்படியென்றால் இது எது என்று கேட்டேன்.

"ஏரி வடிஞ்சதும் தோண்டி எடுத்தாந்து மாட்டிக்கினேன்," என்றார், கொஞ்சமும் அசராமல்.

மற்ற நாலு பேரும் அவரவர் வீட்டுக் கதவைத்தான் சொன்னார்கள். அவர்களும் தோண்டி எடுத்து வந்து மாட்டிக்கொண்டவர்கள்தான். சின்ன மாமா மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். "அவன் சொல்றத எழுதாத. அன்னிக்கு தண்ணிய பாத்து பேஜாராயி மரத்து மேல ஏறிக்கினான் அவன்." பெரிய மாமாவும் தம்பியைப் பற்றி இதையே சொல்லியிருந்தார். மரம்தான் வேறு.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஐந்து கதவு போயிருக்கிறது என்றால் உடைப்பு அவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒருவரை மட்டும் எழுதினால் மற்ற நாலு பேரின் தீனியும் நின்றுவிடும். ஆகவே நோட்டில் ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி ஐந்து பேரையும் எழுதிவிட்டேன்.

ஒரு பக்கம் மிச்சமிருந்தது. அதற்காகத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போனேன். அங்கே பெரிய அத்தை தனியாக இருந்தார். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. ஊரில் கதவே இல்லாத வீடு அது ஒன்றுதான். நிலைக்காலில் ஒரு சாக்குப் படுதா தொங்கும், நாய்கூடத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போய்வரும்.

"எனக்கு இன்னாமே வரலாறு?" என்று சிரித்தார் அத்தை. "பொறந்தேன், கீறேன். எழுதிக்கோ."

ஏன் உங்கள் வீட்டுக்கு மட்டும் கதவில்லை என்று கேட்டேன்.

"தொறக்கற வேல இல்ல, மூடற வேல இல்ல. சாவிய எங்கடா வெச்சோம்னு தேடற வேலயும் இல்ல. ஜாலியா கீறேன், உனக்கு பொறுக்கலயா?"

ஒன்றும் தேறாது என்று எழுந்து வந்துவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'பெரிய அத்தைக்கு வாழ்க்கை வரலாறு இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

டீச்சருக்கு முதல் இரண்டு பக்கம் படித்ததுமே பிடித்துப்போய்விட்டது. மேலே படிக்க அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் டிக் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, மேடையில் படிக்கச் சொல்லிவிட்டார். விழாவுக்கு ஊரே பஸ் ஏறி வந்தது. ஐந்து பேரும் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, முன்வரிசை. ஒவ்வொருவருக்கும் சால்வை தனக்குத்தான் என்று நிச்சயம். அத்தை பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்.

சின்ன தாத்தாவின் கதவு உடைப்புக்குள் போனபோது எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பாவின் கதவு போனபோது கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. பூசாரி மாமாவின் கதவுக்குச் சிரிப்பு கிளம்பியது. பெரிய மாமாவுக்குப் பிறகு சின்ன மாமாவும் கதவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நான் நன்றாகப் படிக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்! இன்னும் சத்தமாகப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் ஐந்து முகமும் செத்துப்போயிருந்தது. பெரியப்பாவின் காது சிவந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கினார். "ஏம்மா, ஒரு ஏரிக்கு எத்தனை கதவு?" என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது. சின்ன தாத்தா எழுந்து வெளியே போகத் துண்டை உதறினார்.

"அஞ்சு கதவு சார்."

பின்னாலிருந்து வந்தது பெரிய அத்தையின் குரல். "அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன் சார். அஞ்சு பேர் வூட்டு கதவும்தான் போச்சி. ஒண்ணு போட்டா நிக்குமா அந்த தண்ணி? புள்ள சரியாத்தான் எழுதிக்கீது."

"நீங்களே பார்த்தீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எண்ணி பாத்தேன் சார்."

சிரித்த கூட்டம் அடங்கியது. பிறகு கை தட்டியது பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. ஹெட்மாஸ்டர் ஐந்து பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார். இருந்தது ஒரே ஒரு சால்வை, சிவப்பில் ஜரிகை போட்டது. நெருக்கி நிற்கவைத்துக் குறுக்கே போர்த்தினார். கடைசியில் நின்ற சின்ன மாமாவுக்கு நுனிதான் கிடைத்தது. போட்டோவில் பார்த்தால் ஐந்து பேரும் குனிந்துகொண்டிருக்கிறார்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் சால்வைக்குச் சண்டை வரும் என்று ஆவலாக ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து நடுவில் உட்கார்ந்தேன். சால்வை ஒருவர் மடியிலிருந்து அடுத்தவர் மடிக்குப் போய்க்கொண்டே இருந்தது, வைத்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் காலையில் அத்தை கேன்டீனுக்குப் போன பிறகு கடைசி வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்கைக் காணோம். பெரிய மாமா முக்காலிமேல் ஏறி நிலைக்காலில் அந்தச் சால்வையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முக்காலியைப் பிடித்திருந்தது சின்ன மாமா.

"நேரா அடிடா, கோணலா கீது பாரு," என்றார் சின்ன மாமா, தன் அண்ணனைப் பார்த்து.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் எழுத்துக்குக் கிடைத்த சால்வை! அதைப் போயும் போயும் நாய் நுழைகிற வாசலில் தொங்கவிடுவதா? பெரியப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "சாக்கு கலீஜா இருந்திச்சிம்மா, அதான்," என்று சொல்லிவிட்டு அவர் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் அத்தை வந்தார். "எவன்டா இது, கண்ணு கூசுது," என்றார். பிறகு ஜரிகை கசங்காமல் இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வேறு கதவு போட்டுத் தருகிறோம் என்று ஊரே அத்தையிடம் பலமுறை கேட்டிருக்கிறதாம். "எங்கூட்டு கதவு கரைல நல்லாத்தான் நின்னுகினு கீது, இன்னொண்ணு எதுக்கு?" என்பாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கெல்லாம் பிறகு.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் இருந்தது. ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பெரிய அத்தைக்கு வாழ்க்கை வரலாறு இல்லை என்று நான் அடிக்கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில், டீச்சர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருக்கிறார்.